கேள்வி – பதில்: என் விடயத்தை இன்னொருவர் விடயத்தோடு சேர்த்துவிட்டார்கள்

சென்ற மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, வேறு வேறு ஊர்களிலிருந்து ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதிய ஏழு கடிதங்கள் ஒரே மனக்குறையைச் சுற்றி வருவதைக் கண்டேன். கூட்டத்தில் தாம் வைத்த விடயம் வேறொருவரின் விடயத்தோடு சேர்க்கப்பட்டது, அல்லது வேறு நாளுக்கோ வேறு சபைக்கோ நகர்த்தப்பட்டது, அதற்குப் பின்னர் அது என்னவாயிற்று என்று தெரியவில்லை என்பதே அந்தக் குறை. ஆகவே இந்த இதழில் என் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டி மாடு வளர்க்கிறது. காலபோகத்துக்கு முன்னர் நடந்த கூட்டத்தில், மேய்ச்சல் தரை ஒன்றை எல்லையிட்டு ஒதுக்கித் தரவேண்டும் என்று கடிதம் கொடுத்தேன். அதே கூட்டத்துக்குக் கமக்காரர்கள் சிலர், கட்டாக்காலி மாடுகள் பயிரை அழிக்கின்றன என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். இரண்டும் மாட்டைப் பற்றியவைதானே என்று தலைவர் சேர்த்து எடுத்தார். ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். முடிவில் மாடுகளைக் கட்டவேண்டிய திகதியும் தண்டப்பணமும் தீர்மானமாயின. மேய்ச்சல் தரை பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டபோது, உங்கள் விடயமும் அதற்குள் வந்துவிட்டது என்றார்கள். இது சரியா?
– கால்நடை வளர்ப்பாளர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: சரியில்லை. ஆனால் தலைவர் செய்ததில் பாதி சரி என்பதையும் சொல்லவேண்டும்; அந்தப் பாதியைப் பிரித்தறிந்தால்தான் நீங்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பது தெளிவாகும்.

இரண்டு கடிதங்களையும் ஒரே நேரத்தில் பேச எடுத்தது நல்ல காரியம். வன்னியில் விதைப்புத் தொடங்கிய நாள் முதல் அறுவடை முடியும் வரை வயற்காணி முழுவதும் மாட்டுக்கு மூடப்படுகிறது. முன்பு மாடுகள் போய்வந்த காட்டோரம் பல இடங்களில் வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள் போய்விட்டது. குளத்து அலைகரையிலும் மேட்டுக்காணிகளிலும் புதிது புதிதாக விதைக்கிறார்கள். போக இடமில்லாத மாடுதான் இரவில் வேலியை முறித்துக்கொண்டு வயலுக்குள் இறங்குகிறது. ஆகவே கமக்காரர் சொல்லும் அழிவுக்கும் நீங்கள் கேட்கும் தரைக்கும் இடையே உள்ள தொடர்பு உண்மையானது. அதை ஒருவர் முன்னிலையில் மற்றவர் சொல்லிக் கேட்பதற்கு அந்த ஒரு மணித்தியாலத்தை விட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

பிழை நடந்தது பேச்சு முடிந்து தீர்மானம் எழுதிய இடத்தில். பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒன்றில் முதல் தண்ணீர் திறக்கும் நாள், கடைசித் தண்ணீர் நாள், வாய்க்கால் துப்புரவு முடிக்கும் நாள், விதைப்புக் காலம், கால்நடைகளைக் கட்டவேண்டிய நாள் ஆகியவற்றை முடிவுசெய்வார்கள். இவை அந்தச் சபை தானே எடுக்கக்கூடிய முடிவுகள். மேய்ச்சல் தரையோ காணி பற்றிய விடயம். அதை அந்த மண்டபத்தில் இருந்த எவரும் தாமாகவே தந்துவிட முடியாது. பிரதேச செயலகமும், காணி காட்டெல்லைக்குள் வருமானால் வன இலாகாவும், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து பார்க்கவேண்டியது அது. ஒரு விடயத்துக்கு அன்றே விடை உண்டு, மற்றதற்கு இன்னொரு வாசலைத் தட்டவேண்டும் என்ற நிலையில் இரண்டையும் ஒரே தீர்மானத்துக்குள் போட்டால், அன்றே விடை உள்ளது மட்டும் எழுதப்படும், மற்றது பேச்சோடு போய்விடும். உங்கள் கடிதத்துக்கு நடந்தது இதுதான். அதைவிடக் கவலை என்னவென்றால், நீங்கள் தரை கேட்டு வந்தவர், தண்டப்பணத்துக்கு உடன்பட்டவராக அறிக்கைப் புத்தகத்தில் பதிவாகியிருப்பீர்கள்.

பாராளுமன்றங்களில் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு மூன்று சட்டமூலங்களை ஒரே விவாதத்தில் எடுத்துப் பேசும் வழக்கம் உண்டு. நேரம் மிச்சமாகும், ஒரே வாதத்தை மூன்று முறை கேட்கத் தேவையில்லை. ஆனால் விவாதம் முடிந்ததும் ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் தனித்தனியாகவே சபையின் முடிவு கேட்கப்படும். பேச்சைச் சேர்க்கலாம், முடிவைச் சேர்க்கக்கூடாது என்ற இந்த ஒழுங்கு கிராமத்துக் கூட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இது. எடுத்த தீர்மானத்தை எதிர்த்து எழுதாதீர்கள்; எழுதினால் உங்கள் கடிதம் மறுபடியும் கட்டாக்காலி மாட்டின் தலைப்புக்குள்ளேயே போய்விடும். புதிய கடிதம் ஒன்றில், இன்ன திகதிக் கூட்டத்தில் மேய்ச்சல் தரை பற்றிய என் கோரிக்கை கலந்துரையாடப்பட்டது, தீர்மானம் எதுவும் எடுக்கப்படவில்லை, ஆகவே அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தனி இலக்கமிட்டுச் சேர்க்குமாறும், பிரதேச செயலாளருக்கு அனுப்புவதற்கான தீர்மானமாக எடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். உங்களுடைய மாடுகளின் எண்ணிக்கையையும், நீங்கள் கேட்கும் தரை எந்தக் குளத்துக்கும் எந்த வீதிக்கும் இடையில் இருக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். அந்தத் தரை கிடைத்தால் தங்கள் வயல் காப்பாற்றப்படும் என்று எண்ணும் கமக்காரர் இரண்டு பேரையாவது கையொப்பமிடச் செய்யுங்கள். முதற் கூட்டத்தின் பேச்சில் கிடைத்த பயன் அதுவே, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விடயங்களைச் சேர்க்கவும் நகர்த்தவும் தலைவருக்கு அதிகாரம் உண்டா, இல்லையா?
– சங்க உறுப்பினர், வவுனியா

பதில்: முதலில் உங்கள் சங்கத்தின் யாப்பைப் பாருங்கள். யாப்பு எதுவும் சொல்லாவிட்டால் பொதுவான கூட்ட வழக்கம் இதுதான்: நிகழ்ச்சி நிரலின் ஒழுங்கை மாற்றத் தலைவர் கருத்துச் சொல்லலாம், ஆனால் அதற்குச் சபையின் சம்மதம் வேண்டும், இன்னொருவரின் பிரேரணையோடு சேர்ப்பதென்றால் முன்மொழிந்தவரைக் கேட்கவேண்டும். கேளாமல் சேர்த்தால் நீங்கள் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். அப்படி எழுப்புவதைத் தலைவரை அவமதிப்பதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு, கூட்டத்தின் ஒழுங்கைக் காப்பது ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிய கடமை.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. அமெரிக்க இராணுவப் பொறியியலாளரான ஹென்றி மார்ட்டின் றொபேட், தாம் தலைமை தாங்கிய ஒரு கூட்டம் குழப்பத்தில் முடிந்ததால் மனம் நொந்து, கூட்ட நடைமுறைகளைத் தேடிப் படித்து 1876 ஆம் ஆண்டு ஒரு கைந்நூலாக வெளியிட்டார். தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு கேள்விகள் ஒரே பிரேரணைக்குள் வந்தால், அவற்றைப் பிரித்து வாக்குக்கு விடும்படி உறுப்பினர் கேட்கலாம் என்ற முறை அதில் இருக்கிறது. நம் சங்கங்களில் பிரேரணையைத் திருத்துவதை எல்லோரும் அறிவர். பிரித்துத் தரும்படி கேட்பதை அநேகர் அறியார்.

கேள்வி: ரீச்சர், எனக்கு வயது 24. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு யானை பற்றி மட்டும் பதினொரு கடிதங்கள் வந்துள்ளன. எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்தால் இரவாகிவிடும். சேர்த்தால் கோபிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சேர்ப்பது?
– புதிய செயலாளர், ஒட்டுசுட்டான் பக்கம்

பதில்: மகள், நீங்கள் சேர்க்கத்தான் வேண்டும். சேர்க்காமல் விடுவதும் மரியாதைக் குறைவுதான். பதினோராவது கடிதத்தை எழுதியவர் வெறுங் கதிரைகளைப் பார்த்தா பேசவேண்டும்?

சேர்க்கும் முறையைச் சொல்கிறேன். பதினொரு கடிதங்களையும் ஒரு மேசையில் விரித்து வையுங்கள். கடிதத் தலைப்பை வாசிக்காதீர்கள். எல்லாத் தலைப்பும் யானைத் தொல்லை தொடர்பாக என்றுதான் இருக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் எதைக் கேட்கிறார் என்ற ஒரு வரி இருக்கும், அநேகமாக முடிவுக்குக் கிட்ட. அதன் கீழே கோடிடுங்கள். பிறகு அந்த வரிகளை வைத்து அடுக்குங்கள். மின்வேலியின் கம்பி அறுந்து கிடக்கிறது, திருத்துங்கள் என்று கேட்பவர்களும், வீட்டுச் சுவரை யானை இடித்துவிட்டது, நட்டஈடு வேண்டும் என்பவர்களும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவர்கள். ஆனால் அவர்கள் இரண்டு அடுக்கு, ஒரே அடுக்கல்ல, ஏனென்றால் ஒன்றுக்குப் பொதுக்கடிதம் போதும், மற்றதற்குத் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். நெற்பயிர் அழிவுக்குக் காப்புறுதி கேட்பவர் கமநல சேவை நிலையத்துக்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபைக்கும் போகவேண்டியவர். அவருக்கு நாட்கணக்கு உண்டு, கூட்டம் வரை காத்திருக்கச் சொல்லாமல் இன்றே அனுப்பிவிடுங்கள். வீதி விளக்கு எரியவில்லை, இருட்டில் யானை நிற்பது தெரியவில்லை என்பவர் பிரதேச சபைக்குரியவர். பதினொரு கடிதம் நான்கு விடயமாகிவிடும். நான்கையும் ஒரே தலைப்பின் கீழ்ப் பேசுங்கள். அறிக்கையில் நான்கு தீர்மானமாக எழுதுங்கள்.

அறிக்கையில் எழுதும்போது, யானைத் தொல்லை பற்றிப் பலரும் முறையிட்டனர் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பலரும் என்ற சொல்லுக்குள் போனவர் திரும்பி வருவதில்லை. விடயம் 4, யானைத் தொல்லை, கிடைத்த கடிதங்கள் 11 என்று எழுதி, ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயரையும், அது வந்த திகதியையும், அவர் கேட்டதை அவருடைய சொல்லிலேயே ஒரு வரியிலும் எழுதுங்கள். பதினொரு வரி, அரைப் பக்கம் வரும். மூலக் கடிதங்களைக் கோவையில் திகதிப்படி வையுங்கள். சேர்த்த பின்னர் இனித் தேவையில்லை என்று எதையும் எறியாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் மனம் கூசுகிறது. 2011 ஆம் ஆண்டு, மீள்குடியேறி சில மாதங்களே ஆன எங்கள் கிராமத்தில் நான்தான் சங்கச் செயலாளர். தறப்பாள் போட்ட கொட்டிலில் கூட்டம். கிணறு இறைத்துத் துப்புரவு செய்து தரும்படி ஒன்பது கடிதங்கள் வந்திருந்தன. எட்டை முழுவதும் வாசித்தேன். ஒன்பதாவது, பள்ளிக் கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிய கடிதம். தலைப்பில் கிணறு துப்புரவு என்று இருந்தது, நேரமும் போயிருந்தது, மிச்சத்தை வாசிக்காமலே கிணறு துப்புரவு, 9 குடும்பங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அந்த அம்மா எழுதியிருந்தது, கிணற்றுக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள் ஓர் இரும்பு தெரிகிறது, வெடிபொருள் அகற்றுபவர்கள் வந்து பார்த்த பிறகே ஆட்களை அனுப்புங்கள் என்பதுதான்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு நீரிறைக்கும் இயந்திரத்தோடு நான்கு பொடியன்கள் அவருடைய வளவுக்குப் போனார்கள். அவர் படலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. செய்தி கேட்டு நான் ஓடிப் போனபோது, "நான் எழுதித் தந்தனான் பிள்ளை, நீ வாசிக்கேல்லையோ?" என்று கேட்டார். அவர் கோபிக்கக்கூட இல்லை. பிறகு வந்து பார்த்தவர்கள் பற்றைக்குள்ளிருந்து வெடிக்காத எறிகணை ஒன்றை எடுத்துப் போனார்கள். அந்த நால்வரில் ஒருவர் இன்று எங்கள் ஊரில் மேசன். அவரை வீதியில் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொப்பித் தாள்தான் நினைவுக்கு வரும்.

எட்டோடு ஒன்பதாகச் சேர்ந்தது உண்மையில் எட்டுக்கு எதிரான கோரிக்கை. எட்டுப் பேர் வாருங்கள் என்றார்கள், ஒருவர் இப்போது வரவேண்டாம் என்றார். தலைப்பு ஒன்றாக இருந்தது. ஆகவேதான் கேட்கும் வரியின் கீழே கோடிடுங்கள், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள் என்கிறேன்.

கோபிப்பார்களோ என்ற பயத்துக்கு மருந்து ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொருவரையும் கண்டு, உங்கள் கடிதத்தை இன்ன இன்னாருடைய கடிதங்களோடு சேர்த்து எடுக்கப்போகிறேன், நீங்கள் கேட்டதாக நான் எழுதியிருப்பது இந்த வரி, சரியா என்று வாசித்துக் காட்டுங்கள். சேர்த்ததற்காக எவரும் கோபித்து நான் கண்டதில்லை. தம்மைக் கேளாமல் சேர்த்ததற்கே கோபிக்கிறார்கள்.

கேள்வி: பின்னேர வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் சந்தியில் கடைசி பஸ் நிற்பதில்லை. இதை மாதர் சங்கத்தின் சார்பில் பொதுக்கூட்டத்தில் வைத்தோம். மூன்று கூட்டங்களாக, ஏனைய விடயங்களில் எடுப்போம் என்று நகர்த்துகிறார்கள். அந்த நேரம் வரும்போது மண்டபத்தில் ஆட்களே இருப்பதில்லை. நாங்களும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு போகவேண்டியவர்கள்.
– மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பூநகரி

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. நகர்த்துவது வெறும் நேர ஒழுங்கு என்று நகர்த்துபவர் நினைக்கலாம். ஏ-32 வீதியில், இரு பக்கமும் வெளியாகக் கிடக்கும் ஒரு சந்தியில், வெளிச்சமில்லாமல் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது நேர ஒழுங்கு அல்ல.

கூட்ட வழக்கத்தின்படி, ஒத்திவைக்கப்பட்ட விடயம் அடுத்த கூட்டத்தில் புதிய விடயங்களுக்கு முன்னால் வரவேண்டும். சென்ற கூட்ட அறிக்கை வாசித்து ஏற்கப்பட்டதும், அதிலிருந்து எழும் விடயங்கள் என்ற தலைப்பு வரும். உங்கள் இடம் அதுதான். மூன்று முறை ஒத்திவைத்த ஒன்றை மறுபடியும் ஏனைய விடயங்களுக்குள் போடுவது முறையே அல்ல. அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடிந்தவுடன் உங்களில் ஒருவர் எழுந்து, இந்த விடயம் இன்ன மூன்று திகதிகளில் ஒத்திவைக்கப்பட்டது, இதை அறிக்கையிலிருந்து எழும் விடயமாக இப்போதே எடுக்கும்படி முன்மொழிகிறேன் என்று சொல்லட்டும், இன்னொருவர் வழிமொழியட்டும். அந்த மூன்று திகதிகளையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவை மூன்றும் மண்டபத்தில் கேட்கப்படவேண்டும்.

இனி வரும் விடயங்களுக்காக இன்னொன்றையும் கேளுங்கள்: ஒத்திவைத்தால் எந்தத் திகதிக்கு, எத்தனையாவது விடயமாக என்று அதே நேரத்தில் அறிக்கையில் எழுதவேண்டும். திகதியில்லாமல் ஒத்திவைப்பது விடயத்தைப் புதைப்பதற்குச் சமம்.

கேள்வி: சங்கக் கூட்டத்தில் நடப்பது போலப் பெரிய விடயங்களிலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டுவது நடக்கிறதா?
– உயர்தர மாணவர், கிளிநொச்சி

பதில்: நடக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010 ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோவதை முன்வைத்தது. இரணைமடுவின் அணையையும் வாய்க்கால்களையும் திருத்தி, நீர் கொள்ளளவைக் கூட்டுவதும் அதே காலத்தில் அதனோடு இணைத்தே பேசப்பட்டது. குளத்தைத் திருத்துவதை எந்தக் கமக்காரர் வேண்டாமென்பார்? 20,000 ஏக்கருக்கு மேல் வயல் அந்தக் குளத்தை நம்பியிருக்கிறது. சிறுபோகத்தில் தண்ணீர் போதாமல் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அந்த நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் நிலை அவர்களுக்குப் பழகிப்போனது. ஆனால் திருத்திய குளத்திலிருந்து குடிநீர் எடுத்தால் சிறுபோகம் என்னவாகும் என்பது வேறொரு கேள்வி. மறுபக்கத்தில் யாழ்ப்பாணத்தின் தேவையும் பொய்யல்ல. சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளில் உவரும், உரத்தால் சேர்ந்த நைத்திரேற்றும் கூடிக்கொண்டே வருகின்றன.

குளத்தைத் திருத்தலாமா, திருத்தினால் தண்ணீரை யாரோடு எவ்வளவு பங்கிடலாம் என்ற இரண்டும் தனித்தனியே கேட்கப்பட்டிருந்தால், முதலாவதற்கு ஆம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதைப் பற்றி அளவோடும் கணக்கோடும் பேசியிருக்கலாம் என்று நான் நம்புகிறேன். ஒன்றாகக் கட்டியதால், இரண்டாவதற்குத் தயங்கியவர்கள் தண்ணீர் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று பேசப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் தேவையில்லாமல் ஒருவரையொருவர் நொந்துகொண்டார்கள். பின்னர் இரண்டும் பிரிந்தன. அணை திருத்தப்பட்டு இப்போது 36 அடி வரை நீர் தேக்குகிறார்கள். குடிநீருக்கு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இடையில் போனது பதினான்கு ஆண்டு. அவ்வளவு காலமும் இந்த ஒரு காரணத்தால்தான் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். நிதி, தொழில்நுட்பம், அரசியல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கேள்வியைக் கட்டிய முறையும் அதில் ஒரு காரணம்.

இரணை என்றால் இரட்டை. பக்கம் பக்கமாகக் கிடந்த இரண்டு மடுக்களால் வந்த பெயர் என்றே ஊரில் சொல்வார்கள். மடுக்களை அணைகட்டி ஒன்றாக்கலாம், நீர் நீரோடு சேரும். இரண்டு ஊரின் தேவையை அப்படிச் சேர்த்துவிட முடியாது.

கேள்வி: எங்கள் கிராமத்து வீதியில் உடைந்த மதகைப் பற்றிச் சங்கத்தில் வைத்தோம். அது பிரதேச சபைக்கு உரியது என்று அங்கே அனுப்பினார்கள். அங்கே கேட்டால் வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்கிறார்கள். மாரி தொடங்கப் போகிறது.
– நெடுங்கேணி வாசகர்

பதில்: அந்த வீதி யாருடையது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், மாகாண வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. கிராம அலுவலரிடம் கேட்டால் தெரியும்.

இனிக் கடிதத்தைத் தேடும் வேலை. ஒரு விடயத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினோம் என்றால், அனுப்பிய கடிதத்தின் பிரதி அனுப்பிய இடத்தில் இருக்கவேண்டும், திகதியும் கோவை இலக்கமும் இருக்கவேண்டும், உங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் இந்தப் பிரதியைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம், உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ளவேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்கவேண்டும்.

மதகு ஏன் திருத்தப்படவில்லை என்று அந்த விண்ணப்பத்தில் கேட்காதீர்கள். அதற்கு விளக்கம்தான் வரும். இன்ன திகதியில் எமது சங்கம் கையளித்த கடிதம் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் திகதியில், எந்தக் கோவை இலக்கத்தோடு அனுப்பப்பட்டது, அந்தக் கடிதத்தின் பிரதி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அனுப்பியிருந்தால் பிரதி வரும், அதை எடுத்துக்கொண்டு அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள். அனுப்பாவிட்டால் அன்றே அனுப்பிவிடுவார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது. மாரிக்கு முன்னர் மதகு கட்டி முடியாது. ஆனால் மதகின் இரு பக்கமும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டும் வேலைக்கு எந்தக் கடிதமும் தேவையில்லை, அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.

கேள்வி: சேர்த்து எடுத்த விடயத்தில் என் பெயரே அறிக்கையில் இல்லை. பின்னர் சேர்க்க முடியுமா?
– முழங்காவில் வாசகி

பதில்: முடியும். அடுத்த கூட்டத்தில் செயலாளர் அறிக்கையை வாசித்து முடித்ததும், திருத்தங்கள் உண்டா என்று தலைவர் கேட்பார். முன்மொழிந்து வழிமொழிந்து அறிக்கை ஏற்கப்படுவதற்கு முன்னர், அந்தச் சில நிமிடத்துக்குள் எழுந்து, இன்ன விடயத்தில் நானும் கடிதம் கொடுத்தேன், நான் கேட்டது இது என்று சொல்லுங்கள். செயலாளர் அதை அன்றைய அறிக்கையில் திருத்தமாக எழுதி, பழைய பக்கத்தின் ஓரத்திலும் குறித்து, தலைவர் அதில் கையொப்பமிடவேண்டும். கூட்டத்துக்குப் பிந்திப் போனால் அந்த நேரம் கடந்துவிடும். ஆகவே அன்றைக்கு மட்டுமாவது கால் மணித்தியாலம் முன்னதாகப் போய், முன்வரிசையில் இருங்கள்.